கசியாத குப்பி என்று ஒன்று இல்லை

2020 டிசம்பர் 23. லுசேர்ண் மாநிலத்தின் முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் கையை நீட்டினார். சுவிட்சர்லாந்தில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட முதல் ஆள் அவர்தான். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சுவிஸ்மெடிக், ஃபைசர்–பயோஎன்டெக் தடுப்பூசிக்கு அனுமதி தந்து அப்போது நான்கே நாள் ஆகியிருந்தது. மறுநாள் செய்தித்தாள்கள் பாட்டியைப் பற்றி எழுதின. எனக்குக் குப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது இரண்டு மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பி. உள்ளே 0.45 மில்லிலிட்டர் மருந்து. கண்ணீர்த் துளிகள் ஏழெட்டைச் சேர்த்தால் அவ்வளவுதான் வரும். வாயை அடைத்திருப்பது புரோமோபியூட்டைல் ரப்பர் மூடி. அதற்கு மேல் அலுமினிய வளையம். இந்தச் சின்னஞ்சிறு பொருளை மைனஸ் 70 டிகிரி குளிரில், உலர்பனி நிரப்பிய பெட்டியில் கொண்டுவந்தார்கள். உலர்பனி என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. அதன் வெப்பநிலை மைனஸ் 78.

நம் வீட்டுச் சமையலறையில் குக்கர் கேஸ்கட் தளர்ந்துபோனால் என்ன செய்கிறோம்? பத்து நிமிடம் ஃப்ரீசரில் போட்டு எடுத்து மாட்டுகிறோம். குளிரில் ரப்பர் சுருங்கி, மூடியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதே சுருக்கம்தான் குப்பிக்குள்ளும் நடக்கும். ஆனால் பலன் தலைகீழ். குக்கரில் ரப்பர் வளையம் வெளியே இருந்து பிடிக்கிறது. குப்பியில் ரப்பர் கழுத்துக்கு உள்ளே இருந்து கண்ணாடியை நெருக்க வேண்டும். ரப்பரும் சுருங்குகிறது, கண்ணாடியும் சுருங்குகிறது. ஆனால் ரப்பர் பல மடங்கு அதிகமாகச் சுருங்குகிறது. போதாக்குறைக்கு, சுமார் மைனஸ் 65 டிகிரிக்கு அருகே இந்த வகை ரப்பர் தன் நெகிழ்ச்சியையே இழந்து கண்ணாடிபோல விறைத்துவிடும். விறைத்த ரப்பர் இடைவெளியைத் தேடிப்போய் அடைக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. அறை வெப்பத்தில் மூடிய குப்பிக்குள் இருக்கும் காற்று மைனஸ் 78-க்குப் போகும்போது அதன் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. உள்ளே ஓரளவு வெற்றிடம் மாதிரி. வெளியே உலர்பனியிலிருந்து எழும் குளிர்ந்த வாயு. மூடியில் இடைவெளி இருந்தால் வாயு உள்ளே புகுந்து அழுத்தத்தைச் சமன்படுத்திவிடும். பிறகு குப்பியை வெளியே எடுத்து உருக வைக்கிறார்கள். ரப்பர் விரிகிறது, நெகிழ்கிறது, வாயை அடைத்துக்கொள்கிறது. உள்ளே புகுந்த வாயு மாட்டிக்கொள்கிறது. அறை வெப்பத்துக்கு வரும்போது குப்பிக்குள் வெளிக்காற்றைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தம்.

இப்போது அதைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோங்கள். கசிவே இல்லை. கசிந்தது, ஆறியது, தடயமில்லை. திருடன் வந்துபோன வீட்டில் பூட்டு அப்படியே தொங்குகிற கதை. லுசேர்ணுக்கு வந்த குப்பிகளுக்கு இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடக்காது என்பதை யாராவது, எப்படியாவது நிரூபித்தால்தான் அந்தக் குளிரில் மருந்தை அனுப்ப முடியும் என்கிறேன். எப்படி நிரூபிப்பது?

முதலில், கசிவு என்றால் என்ன? பஞ்சர் கடைக்காரருக்குக் குழப்பமே இல்லை. ட்யூபில் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தில் விரலை வைக்கிறார். மருந்துத் தொழிற்சாலைகளும் நெடுங்காலம் அதைத்தான் வேறு பெயரில் செய்தன. ஆனால் குமிழியாகத் தெரியும் ஓட்டை, கிருமியின் கண்ணுக்குத் தேர் ஓடும் வீதி. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பாக்டீரியா ஒரு மைக்ரானும் அதற்குக் குறைவும். மருந்தைக் கிருமிநீக்கம் செய்யும் வடிகட்டியின் துளையே 0.2 மைக்ரான்தான். ஆக, நாம் தேடுவது முடியின் நூறில், இருநூறில் ஒரு பங்கு அகலமுள்ள துளையை.

அதைவிடச் சிறிய துளை எல்லாப் பொருளிலும் இருக்கிறது. ரப்பரின் மூலக்கூறுகளுக்கு நடுவேகூட வாயு மெல்ல ஊர்ந்து போகும். எனவே ‘கசியாத குப்பி’ என்று ஒன்று இல்லை. ‘இன்ன அளவுக்கு மேல் கசியாது’ என்று மட்டுமே சொல்லலாம். இந்தத் துறையில் எனக்குப் பிடித்ததே இந்த நேர்மைதான். அமெரிக்க மருந்துத் தர நூலான யுஎஸ்பி 2016-இல் தன் 1207-ஆம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதியபோது அந்த ‘இன்ன அளவை’ ஹீலியம் வாயுவை வைத்துச் சொன்னது: நொடிக்கு ஒரு மில்லிபார்-லிட்டரின் பத்து லட்சத்தில் 6 பங்கு. அலகு வாயில் நுழையவில்லை என்றால் இப்படிப் பாருங்கள்: அந்த வேகத்தில் ஒரே ஒரு மில்லிலிட்டர் வாயு வெளியேற ஏறக்குறைய 46 மணி நேரம் ஆகும். துளையின் அளவாகச் சொன்னால் 0.1 முதல் 0.3 மைக்ரான். 1997-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் லீ கிர்ஷும் அவர் குழுவினரும் அளவறிந்த நுண்துளைகள் கொண்ட குப்பிகளைக் கிருமிக் குழம்பில் முக்கிவைத்துப் பார்த்த ஆய்வுகள் இந்த எல்லைக்கு அடிப்படைகளில் ஒன்று. அவர்கள் கண்ட சுவையான செய்தி: துளை இருந்தால் மட்டும் கிருமி நுழைந்துவிடாது. துளையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை திரவம் நிரம்பிய பாதை இருந்தால்தான் அது நீந்திப் போகும். காய்ந்த துளை, கிருமிக்கு மூடிய கதவு.

ஹீலியம் சோதனை நுட்பமானதுதான். ஆனால் அதற்குக் குப்பிக்குள் ஹீலியம் இருக்க வேண்டும். குப்பியையும் மூடியையும் வடிவமைக்கும்போது வெற்றுக் குப்பியில் அடைத்துப் பார்க்கலாம். மருந்து நிரப்பிய குப்பியை என்ன செய்வது? இங்கேதான் திரவம் தன் விளையாட்டைக் காட்டுகிறது.

லுசேர்ண் போனவர்கள் பிலாட்டுஸ் மலையை மறக்க மாட்டார்கள். ஏரி கடல்மட்டத்திலிருந்து 434 மீட்டர். மலையுச்சி விடுதி 2,000 மீட்டருக்கு மேல். ஆல்ப்நாக்ஷ்டாட்டிலிருந்து 1889 முதல் ஓடும் பல்சக்கர ரயில், உலகிலேயே செங்குத்தானது. கீழே காற்றழுத்தம் சுமார் 960 மில்லிபார், மேலே 790. ஏரிக்கரையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் உச்சியில் தலையணைபோல் உப்பி நிற்பது இந்த 170 மில்லிபாரால்தான்.

சரி, ஏரிக்கரையில் மூடிய பாதித் தண்ணீர் பாட்டிலில் பொடித் துளை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து மலையேறுகிறோம். உள்ளிருக்கும் காற்று தண்ணீரைத் தள்ளுகிறது. சொட்டுமா? துளை 17 மைக்ரானுக்கு மேல் இருந்தால் சொட்டும். அதற்குக் கீழே என்றால் ஒரு துளிகூட வராது. தண்ணீரின் பரப்பு இழுவிசை துளையின் வாயில் கண்ணுக்குத் தெரியாத தோல் ஒன்றைப் போர்த்திவிடுகிறது. துளை சிறுக்கச் சிறுக்கத் தோலின் பலம் கூடுகிறது. குடைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஆயிரம் இடைவெளி தெரியும். மழை இறங்குவதில்லையே, அதே கதைதான்.

மலைக்குப் பதில் முழு வெற்றிட அறையிலேயே குப்பியை வைத்தால்? அப்போதும் சுமார் 3 மைக்ரானுக்குச் சிறிய துளையிலிருந்து நீர் ஒழுகாது. பாக்டீரியாவுக்கோ ஒரு மைக்ரான் போதும். நீர் வெளியே வராத துளை வழியே, வெளிப்புறம் ஈரமான ஒரு நேரத்தில், கிருமி உள்ளே போய்விடலாம். ‘சொட்டவில்லை, ஆகவே ஓட்டையில்லை’ என்ற நம் அன்றாட ஞானம் இந்த இடத்தில் செல்லாக்காசு. (பல மருந்துகளில் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள் கலந்திருக்கும். அவற்றுக்கு இந்த எண்கள் மாறும், கதை மாறாது.)

பழைய வழி நீலச் சாயம். கண்ணாடியை உருக்கி மூடிய ஆம்பூல்களை மெத்திலீன் நீலக் கரைசலில் முக்கி, வெற்றிடம் ஏற்றி, பிறகு காற்றை விடுவார்கள். ஓட்டையுள்ள ஆம்பூலுக்குள் சாயம் இறங்கும். பிறகு ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்ப்பார். பார்ப்பவருக்கு மாலை நாலு மணிக்குக் கண் சோர்ந்துவிடும். துளை மிகச் சிறிதானால் இறங்கிய சாயம் மருந்தில் கரைந்து நிறமே தெரியாது.  மலிவு என்பதாலும் பழக்கம் என்பதாலும் இந்த முறை ரொம்பக் காலம் தாக்குப்பிடித்தது. விடைகொடுக்கத் தாமதமாகிவிட்டது என்பது என் எண்ணம்.

திரவத்தை அதன் போக்கிலேயே மாட்டிவிடுவதுதான் புதிய தந்திரம். 20 டிகிரி அறையில் தண்ணீரின் ஆவியழுத்தம் 23 மில்லிபார். சுற்றியுள்ள அழுத்தம் அதற்கும் கீழே போனால் தண்ணீர் அந்த வெப்பத்திலேயே கொதிக்கும். குப்பியை அதன் உருவத்துக்கு ஏற்ற குட்டி அறையில் அடைத்து, காற்றை உறிஞ்சி, அழுத்தத்தை சில மில்லிபாருக்கு இறக்குகிறார்கள். துளையின் வாயில் நிற்கும் தண்ணீர் ஒழுக மாட்டேன் என்று அடம்பிடிக்கலாம். ஆவியாகாமல் இருக்க அதனால் முடியாது. 5 மில்லிபாரில் ஒரு மைக்ரோலிட்டர் நீர், அதாவது ஒரு சொட்டில் ஐம்பதில் ஒரு பங்கு, ஆவியானால் கால் லிட்டருக்கும் மேல் இடத்தை நிரப்பும். அந்தக் குட்டி அறையில் அது பெரும் புயல். அதில் மிகச் சிறு பங்கு ஆவியானாலே அழுத்தமானியின் முள் நகர்ந்துவிடும். மருந்துக்குச் சேதமில்லை, தேறிய குப்பி நேரே பெட்டிக்குப் போகும். இந்த வகை இயந்திரங்களைச் செய்யும் வில்கோ நிறுவனம் லுசேர்ணுக்குப் பக்கத்து மாநிலமான ஆர்காவில், வோலன் என்ற சிற்றூரில் இருக்கிறது. லுசேர்ண் மாநிலத்திலேயே ஷாக்கன் கிராமத்தில் எம்.எஸ்.டி. நிறுவனத்தின் உயிரிமருந்து வளாகம் இருக்கிறது. மாடு மேயும் புல்வெளிக்கு நடுவே இத்தனை மருந்து வேலை நடக்கிறது என்பதைச் சுற்றுலாப் பேருந்தின் ஜன்னல் காட்டுவதில்லை.

தந்திரத்துக்கும் ஒரு ஓட்டை உண்டு. தண்ணீர் ஆவியானால் அதில் கரைந்திருந்தது எங்கே போகும்? துளையிலேயே படியும். உப்பு என்றால் படிகமாகும். புரதம் என்றால் பசையாகி, ஆற்றுநீர்க் குழாயில் பாசி அடைப்பதுபோல் துளையை அடைத்துவிடும். இன்றைய விலையுயர்ந்த ஊசிமருந்துகளில் பெரும்பகுதி புரத மருந்துகள்தாம். ஆவிதான் துளையைக் காட்டிக்கொடுக்கிறது. அதே ஆவியாதல்தான் துளையை மறைத்தும் விடுகிறது. எனவே நல்ல சோதனைச்சாலைகள் இயந்திரத்தைக் கண்மூடி நம்புவதில்லை. லேசரால் அளந்து துளையிட்ட குப்பிகளை, வெறும் தண்ணீரோடு அல்லாமல் அதே மருந்தோடு நிரப்பி, நாள்பட வைத்து, இயந்திரம் பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

அடைத்துக்கொண்ட துளைக்கு மின்சாரம் நல்ல மருந்து. குப்பியின் இருபுறமும் மின்முனைகளை வைத்து ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கிறார்கள். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் மின்சாரத்தை விடாது. உள்ளிருக்கும் உப்புக் கரைசல் விடும். ஓட்டையில்லாத குப்பியில் சொற்ப மின்னோட்டம்தான் ஓடும். விரிசல் இருந்து, அதில் மருந்து ஊறியிருந்தால் மின்னோட்டம் துள்ளும். ஓட்டையை எடுத்துச்சொல்வது மருந்தே. எண்ணெய் மருந்து, தூய நீர், சாராயம் கலந்த மருந்து என்றால் இந்த வழி உதவாது. கடைசியில் சொன்னதில் தீப்பொறி ஆபத்தும் உண்டு.

இப்போது உலர்பனிக் குப்பிக்குத் திரும்பலாம். வெற்றிடமும் மின்சாரமும் ‘இப்போது ஓட்டை இருக்கிறதா’ என்றுதான் கேட்கின்றன. நமக்கு வேண்டியது ‘எப்போதாவது இருந்ததா’ என்பதற்கு விடை. திருடன் பூட்டை ஒழுங்காக மாட்டிவிட்டுப் போனாலும், வீட்டுக்குள் ஏதாவது விட்டுவிட்டுப் போயிருப்பானே. குப்பியின் கழுத்துப் பகுதியில் திரவத்துக்கு மேலே இருக்கும் காலி இடத்தின் ஊடாக லேசர் கதிரைச் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று ஓர் அலைநீளத்தை விழுங்கும்: ஆக்ஸிஜன் 760 நானோமீட்டர், கார்பன் டை ஆக்சைடு 2,000 நானோமீட்டரை ஒட்டி. நைட்ரஜன் நிரப்பி மூடிய குப்பியில் ஆக்ஸிஜன் தெரிந்தால், மூடி எங்கோ ஏமாற்றியிருக்கிறது. உலர்பனியில் இருந்து வந்த குப்பிக்குள் கார்பன் டை ஆக்சைடு தெரிந்தால், அது மைனஸ் 78-இல் நடந்த கதையை அறை வெப்பத்தில் சொல்கிறது. இத்தனை முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. குப்பியைத் தொடுவதில்லை, திறப்பதில்லை. ஒளியைப் பாய்ச்சிச் சாட்சி கேட்கிறது.

எத்தனை குப்பியைச் சோதிப்பது என்பது அடுத்த தலைவலி. ஆயிரத்தில் ஒன்று கசியும் பேட்ச் ஒன்றிலிருந்து 20 குப்பியை எடுத்துச் சோதித்தால், கசிவது ஒன்றும் கையில் சிக்காமல் போக 98 சதவீத வாய்ப்பு. 300 எடுத்தாலும் 74 சதவீதம். மூவாயிரத்தைச் சோதித்தால்தான் தப்பிக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கு இறங்கும். மாதிரிச் சோதனை, பேட்ச் முழுக்கக் கெட்டிருந்தால் காட்டும். ஒற்றைக் கள்ளனைப் பிடிக்காது. 2022 ஆகஸ்டில் வெளிவந்து, பெரும்பகுதி 2023 ஆகஸ்ட் 25 முதல் அமலுக்கு வந்த ஐரோப்பிய மருந்துத் தயாரிப்பு விதியின் முதலாம் பின்னிணைப்பு இதைப் புரிந்துகொண்டு எழுதியது. உருக்கி மூடும் கொள்கலன்கள், அதாவது கண்ணாடி ஆம்பூலும், ஒரே இயந்திரத்தில் ஊதி நிரப்பி ஒட்டும் பிளாஸ்டிக் குப்பிகளும், 100 மில்லிலிட்டர் வரை ஒவ்வொன்றும் சோதிக்கப்பட வேண்டும். கண்ணால் பார்ப்பது மட்டும் கசிவுச் சோதனை ஆகாது என்றும் அது சொல்லிவிட்டது. ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட, பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் கூட்டமைப்பான பிக்ஸ், அதே பாடத்தை ஏற்றிருப்பதால், சுவிட்சர்லாந்துக்கும் அதுவே நடைமுறை. ரப்பர் மூடிக் குப்பிகளுக்கு மாதிரி போதும் என்று விட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு முழு நிறைவு இல்லை.

இவ்வளவு சொல்லியபின் ஒரு கசப்பான கதையையும் சொல்ல வேண்டும். 1970 ஜூலை முதல் 1971 ஏப்ரல் வரை அமெரிக்காவில் 25 மருத்துவமனைகளில் 378 பேருக்கு இரத்தத்தில் கிருமி பரவியது. அபாட் நிறுவனத்தின் குளுக்கோஸ் பாட்டில்களே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். திருகு மூடியின் உள்பட்டையை அப்போதுதான் புதிய வகைக்கு மாற்றியிருந்தார்கள். கிருமிகள் அந்த மூடிக்குள் குடியிருந்தன. திறக்காத பாட்டிலின் திரவம் சுத்தம். நர்ஸ் மூடியைத் திருகித் திறந்து மறுபடி மூடும்போதுதான் கிருமி உள்ளே விழுந்தது. இன்றைய நுட்பமான கசிவு இயந்திரம் எதிலாவது அந்தப் பாட்டிலை வைத்திருந்தால் தேறியிருக்கும்.

நம் பக்கமும் ஒரு சம்பவம் உண்டு. சென்னைக்கு அருகே குளோபல் பார்மா ஹெல்த்கேர் தயாரித்த கண்சொட்டு மருந்து 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. அங்கே 18 மாநிலங்களில் 81 பேரை மருந்துக்கு அடங்காத ஒரு கிருமி தாக்கியது. நால்வர் இறந்தனர், சிலர் பார்வை இழந்தனர். அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு எடுத்துக்காட்டிய குறைகள்: போதிய கிருமிச் சோதனை இல்லை, பலமுறை திறந்து மூடும் குப்பியில் போதுமான பதப்படுத்தி இல்லை, பிரித்தால் காட்டிக்கொடுக்கும் மூடிமுத்திரையில் சரியான கட்டுப்பாடு இல்லை. தமிழ்நாட்டு அதிகாரிகள் எடுத்துச் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று அறிவிப்பு வந்தது. மாதிரிக் கணக்கை மேலே சொன்னேன்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மருத்துவமனையில் உங்கள் வீட்டாருக்கு டிரிப்ஸ் ஏற்றும்போது, பாட்டிலையோ பையையோ மாட்டுவதற்கு முன் நர்ஸிடம் கேட்டு, மெல்ல அமுக்கிப் பாருங்கள். வெளி உறைக்குள் ஈரம் இருந்தாலோ, அடைப்பு தளர்ந்திருந்தாலோ, கலங்கல் தெரிந்தாலோ வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் கை கண்டுபிடிப்பது பெரிய ஓட்டையை மட்டும்தான். ஆனால் அதைக்கூடக் கண்டுபிடிக்காமல் ஏற்றிவிடும் வார்டுகள் உண்டு. நீங்கள் வேண்டாம் என்ற பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பேட்ச் எண் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். மருந்து ஏற்றிய பின் காய்ச்சலோ நடுக்கமோ வந்திருந்தால், தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024.